விலாசம் தப்பக்கூடாது: முதல் ஆய்வுக் கட்டுரைக்கு ரெஃபரன்ஸ் பட்டியல் தயாரிக்கும் முறை

"எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம், ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி. ராத்திரி உட்கார்ந்தா முடிச்சிடலாம்." இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் ஆய்வு மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சோதனை முடிந்திருக்கும், வரைபடங்கள் தயாராக இருக்கும், கைடும் சரி என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு ராத்திரி வேலை மட்டும் இரண்டு வாரத்துக்கு இழுத்துக்கொண்டே போகும். எந்தக் கட்டுரையை எங்கே படித்தோம், அந்தப் பக்க எண் என்ன, இந்த 17-ஆம் எண் யாருடையது என்று தேடித் தேடியே நாள் கழியும்.

காரைக்குடியில் இப்படித் தேடுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. பிறகு 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. சுற்றிலும் கல்லூரிகள். முதல் கட்டுரையை எழுதிவிட்டு, எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டு கல்லூரிச் சாலையில் நடக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் விலாசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று தபால்காரர் தேடி வரும் முகவரி. இன்னொன்று, நகரத்தார் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள்: பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக. ஒரே ஊரில் பத்து ராமநாதன் இருந்தாலும் விலாசத்தைச் சொன்னால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். ரெஃபரன்ஸ் செய்வதும் இந்த இரண்டு வேலைதான். யார் எழுதியது என்று பிரித்துக் காட்ட வேண்டும், வாசகரை அந்த வாசல்வரை கொண்டு சேர்க்க வேண்டும். காற்புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று புரியும்.

முதலில் இதழின் விதியைப் படியுங்கள்

எந்த இதழுக்கு அனுப்பப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பட்டியலை அழகுபடுத்த உட்காராதீர்கள். ஒவ்வொரு இதழும் தன் இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான வழிமுறை என்று ஒரு பக்கம் வைத்திருக்கும். அதில் ரெஃபரன்ஸ் பற்றிய பகுதியை அச்செடுத்து, அதே இதழில் இந்த வருடம் வந்த ஒரு கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிமுறைப் பக்கம் சில நேரம் பழையதாக இருக்கும். போன மாதம் அச்சான கட்டுரையைப் பார்த்தால் இப்போதைய நடைமுறை தெரிந்துவிடும். முதல் சமர்ப்பிப்பில் எந்த வடிவமும் பரவாயில்லை, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று இப்போது பல இதழ்கள் சொல்கின்றன. அப்படிச் சொல்லும் இதழாக இருந்தால், வடிவத்துக்குச் செலவிடும் நேரத்தைத் தகவலைச் சரிபார்ப்பதற்குச் செலவிடுங்கள்.

பாணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அடிப்படைக் குடும்பங்கள் இரண்டுதான். ஒன்றில், எழுதியவர் பெயரும் ஆண்டும் கட்டுரைக்குள்ளேயே அடைப்பில் வரும், பட்டியல் அகரவரிசையில் இருக்கும். ஹார்வர்டு பாணி என்று சொல்வது இதைத்தான். 1881-இல் ஹார்வர்டு விலங்கியல் பேராசிரியர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் பயன்படுத்தியதிலிருந்து இந்த வழக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. பாணியும் இந்தக் குடும்பம். இன்னொன்றில், கட்டுரைக்குள் எண் மட்டும் வரும், மேற்கோள் காட்டிய வரிசையிலேயே பட்டியல் இருக்கும். 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசி உருவாக்கியதால் மருத்துவத்தில் இதற்கு வான்கூவர் பாணி என்று பெயர். நம் ஊர் வேதியியல் மாணவர்கள் அதிகம் சந்திக்கும் அமெரிக்க வேதியியல் சங்கப் பாணியும், மின்னியல் துறையின் ஐ.இ.இ.இ. பாணியும் பெரும்பாலும் எண் வகைதான்.

ஒரே கட்டுரையை மூன்று பாணியிலும் எழுதிப் பார்ப்போம். சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் நேச்சர் இதழில் எழுதிய ஒளிச்சிதறல் குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். புள்ளிகளையும் வரிசையையும் மட்டும் கவனியுங்கள்.

அமெரிக்க வேதியியல் சங்கம்:
ராமன், சி. வி.; கிருஷ்ணன், கே. எஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர் 1928, 121, 501–502.

ஏ.பி.ஏ.:
ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121, 501–502.

வான்கூவர்:
ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121:501-2.

முதலாவதில் இரண்டு பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி வருகிறது. அச்சில் ஆண்டு தடித்த எழுத்தாகவும், இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தாகவும் இருக்கும். இரண்டாவதில் ஆண்டு பெயருக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் வாசகர் அகரவரிசையில் பெயரையும் ஆண்டையும்தான் தேடுவார். மூன்றாவது சிக்கனமானது. முதலெழுத்துகளுக்கு இடையே புள்ளிகூட இல்லை, கடைசிப் பக்க எண்ணும் சுருங்கிவிடுகிறது. தகவல் மூன்றிலும் ஒன்றே. அதனால்தான் சொல்கிறேன், தகவலைச் சரியாகச் சேர்த்து வைத்தவருக்கு ஒரு பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரிய வேலை ஆகாது.

ஆசிரியர் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். ஏ.பி.ஏ.யின் 7-ஆம் பதிப்பில் 20 பேர் வரை எல்லோர் பெயரையும் பட்டியலில் எழுத வேண்டும். 20 பேருக்கு மேல் போனால் முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசி ஆள். வான்கூவரைப் பின்பற்றும் பல இதழ்கள் முதல் ஆறு பேரோடு நிறுத்தி, 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் லத்தீன் சுருக்கத்தைப் போடச் சொல்லும்.

படித்த அன்றே பதியுங்கள்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித்தொழில் செய்யப் போன செட்டிநாட்டார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் முதலில் கற்றுக்கொண்டது கணக்கு எழுதுவது. அன்றைய வரவு செலவு அன்றைக்கே குறிப்பேட்டில் ஏறும், அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். ஆய்வு மாணவருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். ஒரு கட்டுரையைத் திறந்து ஒரு வரி பயன்படும் என்று தோன்றியதும், அடுத்த கட்டுரைக்குப் போவதற்கு முன் பதிந்துவிடுங்கள்.

இதற்கு மென்பொருள் உண்டு. ஜோட்டெரோவைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். இலவசம், திறந்த மூலம், 2006-இலிருந்து இருக்கிறது. மெண்டலே, எண்ட்நோட் ஆகியவையும் இருக்கின்றன. எண்ட்நோட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். உங்கள் ஆய்வுக் குழுவில் எல்லோரும் ஒன்றைப் பயன்படுத்தினால் நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து எழுதும்போது சிக்கல் வராது. ஜோட்டெரோவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 300 எம்பி மட்டும். பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு தகவல்களை மட்டும் இணையத்தில் ஒத்திசைத்தால் அந்த இடம் தாராளமாகப் போதும்.

நிறுவியதும் உலாவியில் அதன் இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைப் பக்கத்தில் நிற்கும்போது ஒரு சொடுக்கில் விவரம் வந்துவிடும். கூகுள் ஸ்காலர் பக்கத்திலிருந்து இழுக்காதீர்கள், அங்கே விவரம் அரைகுறையாக இருக்கும். பதிப்பகத்தின் பக்கத்திலிருந்து எடுங்கள், அல்லது டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்து எடுங்கள். டி.ஓ.ஐ. என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கப்படும் நிரந்தர எண், எப்போதும் 10 என்று தொடங்கும். பதிப்பகம் தளத்தை மாற்றினாலும் அந்த எண் கட்டுரையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். மேலே சொன்ன 1928-ஆம் வருடக் குறிப்புக்குக்கூட இப்போது டி.ஓ.ஐ. உண்டு.

மென்பொருளில் வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளே வந்த ஒவ்வொரு பதிவையும் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். வழக்கமாக வரும் தவறுகள்: தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். பக்க எண் விட்டுப்போயிருக்கும். கட்டுரை எண் மட்டும் உள்ள புது இதழ்களில் பக்கம் 1 முதல் 12 என்று தவறாக ஏறியிருக்கும். வேதியியல் வாய்பாடுகளில் கீழே சிறிதாக வர வேண்டிய எண் சாதாரண எண்ணாக நிற்கும். கால்சியம் கார்பனேட்டின் 3 இப்படித்தான் மேலே ஏறிவிடும். ஜோட்டெரோவில் கீழ் எழுத்துக்கான சிறு குறிச்சொல்லைக் கோண அடைப்புக்குள் போட்டுத் தலைப்பிலேயே ஒருமுறை திருத்திவிட்டால், பிறகு எந்தப் பாணிக்கு மாற்றினாலும் சரியாக வரும். வேர்டுக்குப் பதிலாக லாடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டியதை, அதாவது தனிமக் குறியீடு, ஊர்ப்பெயர் போன்றவற்றை, நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் சில பாணிகள் அவற்றைச் சிறிய எழுத்தாக்கிவிடும்.

பெயர்தான் நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல்

ரெஃபரன்ஸ் பாணிகள் எல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்களை நினைத்து உருவானவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் முதலெழுத்து. எம். மீனாட்சி என்ற ஒருவரைப் பட்டியலில் எழுதும்போது 'மீனாட்சி, எம்.' என்றுதான் வர வேண்டும். ஆனால் இதழின் இணையப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கும். முதல் கட்டத்தில் மீனாட்சி, கடைசிக் கட்டத்தில் எம் என்று போட்டால், உலகம் முழுக்க அவருடைய கட்டுரை 'எம், எம்.' என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி வந்த பதிவுகளை உங்கள் மென்பொருளில் நிறையப் பார்ப்பீர்கள். தென்னிந்தியப் பெயர் கண்ணில் பட்டால் நின்று பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். ஒற்றை எழுத்து குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்திருந்தால் மாற்றுங்கள்.

பழைய ஆசிரியர்கள் விஷயத்தில் செட்டியார், ஐயர், பிள்ளை என்று முடியும் பெயர்களும் கவனிக்க வேண்டியவை. ஒரு நூலகப் பட்டியல் 'அழகப்ப செட்டியார்' என்று அகர வரிசையில் வைத்திருக்கும், இன்னொன்று 'செட்டியார், அழகப்ப' என்று வைத்திருக்கும். தேடும்போது இரண்டு வழியிலும் தேடுங்கள். எழுதும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

முதலெழுத்து மட்டும் போதாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. பட்டியலில் 'சந்திரசேகர், எஸ்.' என்று இருந்தால் அது யார்? விண்மீன்களின் நிறை வரம்பைக் கணக்கிட்டு 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரா? 1977-இல் வட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களைக் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகரா? இருவரும் இயற்பியலாளர்கள், நெருங்கிய உறவினர்கள்கூட. இருவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். எழுத்து ஒன்றே, வீடு வேறு. தலைப்பும் இதழும் ஆண்டும் டி.ஓ.ஐ.யும் சரியாக இருந்தால்தான் வாசகர் சரியான சந்திரசேகரிடம் போய்ச் சேருவார்.

இதையே உங்கள் சொந்தப் பெயருக்கும் யோசியுங்கள். முதல் கட்டுரை அனுப்பும் முன், வாழ்நாள் முழுக்க எந்த வடிவில் பெயர் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எழுத்து விரிவாக்கத்தோடு போடலாம், அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைக்கலாம், எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு எழுத்து மாறும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: ரேஷன் கார்டில் என்ன மாறினாலும், கட்டுரையில் முதலில் வந்த பெயரையே தொடருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய கட்டுரைகளும் புதிய கட்டுரைகளும் இரண்டு வேறு ஆட்களுடையது போலப் பிரிந்து நிற்கும். 2012-இலிருந்து ஆர்கிட் என்று ஒரு 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அது உங்களுக்கான விலாசம், பெயர் எப்படி மாறினாலும் அது மாறாது.

வழக்கமான கட்டத்துக்குள் அடங்காத ஆதாரங்கள்

ஆய்விதழ்க் கட்டுரைகளை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். திணறுவது மற்றவற்றில்தான். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சை ஆராயும் மாணவர் ஒருவருக்கு உதவியபோது இந்த வகைகள் எல்லாமே ஒரே பட்டியலில் வந்து சேர்ந்தன. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பளிங்கு போல் தேய்த்த அந்தச் சுவர்களைப் பற்றி எழுத, வேதியியல் இதழ் மட்டும் போதுமா?

முதலில் தர நிர்ணயங்கள். கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 712, அதன் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு. இங்கே தனி ஆள் ஆசிரியர் கிடையாது, வெளியிட்ட அமைப்பே ஆசிரியர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-இல்தான் அந்தப் பெயரில் வந்தது, அதற்கு முன் அது இந்தியத் தர நிறுவனம். 1984-ஆம் வருடத் தரத்தின் முதல் அச்சில் ஒரு பெயரும் மறு அச்சில் இன்னொரு பெயரும் இருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் பிரதியின் அட்டையில் உள்ளதை எழுதுங்கள். தர எண்ணையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள், ஆண்டு இல்லாமல் தர எண் பயன்படாது.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பெரும்பாலும் ஷோத்கங்காவில், அதாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில், எடுப்பீர்கள். பெயர், தலைப்பு, முனைவர் பட்ட ஆய்வேடு என்ற குறிப்பு, பல்கலைக்கழகம், ஊர், ஆண்டு, பிறகு இணைய முகவரி. ஷோத்கங்காவையே வெளியீட்டாளர் என்று போடாதீர்கள். அது வைத்திருக்கும் இடம் மட்டும், பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம்.

இணையப் பக்கங்களில் பார்த்த தேதி வேண்டும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் சேர்ந்தன. அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டினால், நீங்கள் பார்த்த நாளைக் குறியுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கு மாறலாம், அதனால் இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதியைச் சேமித்து அதன் முகவரியையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் நூலை ஆங்கிலக் கட்டுரையில் எப்படிச் சொல்வது? தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, பகர அடைப்புக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுக்கச் சொல்வது ஏ.பி.ஏ. வழி. வான்கூவர் வழியில் மொழிபெயர்த்த தலைப்பைப் பகர அடைப்பில் போட்டு, கடைசியில் மொழி தமிழ் என்று குறிப்பார்கள். ஒலிபெயர்ப்பு இல்லாமல் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தால் நம் ஊர் வாசகர் அந்த நூலை எந்த நூலகத்திலும் கண்டுபிடிக்க முடியாது. இதழ் அனுமதித்தால் இரண்டையும் கொடுங்கள் என்பது என் கருத்து.

அப்புறம் பழைய வீட்டுக் கணக்குகள். அந்த மாணவருக்கு ஒரு ஆச்சி தன் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஏட்டில், சுண்ணாம்பும் முட்டையும் வாங்கிய கணக்கு இருந்தது. "எங்க ஐயா வீடு கட்டுனப்ப எழுதுன கணக்கு தம்பி, பத்திரமா பாத்துட்டுக் குடு" என்றார். தேதி 'பிரபவ வருஷம் தை' என்று இருந்தது. தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ 1867-இல் தொடங்கியதும் உண்டு, 1927-இல் தொடங்கியதும் உண்டு. அதிலும் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். 1927-இல் பிறந்த பிரபவ என்றால் தை 1928-இல் வரும். ஐயா காலம் என்று ஆச்சி சொன்னதை வைத்து 1928 என்று முடிவு செய்தோம். பட்டியலில் தமிழ் ஆண்டையும் மாதத்தையும் உள்ளபடி எழுதி, ஆங்கில ஆண்டைப் பகர அடைப்பில் கொடுத்தோம். ஏட்டில் இருப்பது எது, நாம் கணித்தது எது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். தனியார் வீட்டு ஆவணத்தை மேற்கோள் காட்ட வீட்டாரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். அவர்கள் பெயரைப் போடக் கூடாது என்றால் 'தனியார் சேகரிப்பு' என்றும் ஊர்ப் பெயரையும் மட்டும் எழுதுங்கள்.

ஆவணம் எங்கே இருக்கிறது என்பதையும் நீங்கள் பார்த்த இடத்தை வைத்தே எழுத வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெரும் நூல் தொகுப்பு, அவர் 1992-இல் காலமான பிறகு, 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. பழைய கட்டுரை ஒன்றில் கோட்டையூர் என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் அப்படியே எழுதினால், உங்கள் வாசகர் வீணாகப் பஸ் ஏறி வருவார்.

கொத்தனார் சொன்னதை எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்பார்கள். ஏ.பி.ஏ.யில் இது தனிப்பட்ட தகவல் என்ற வகை. கட்டுரைக்குள் பெயர், தேதி போட்டுச் சொல்ல வேண்டும், பட்டியலில் வராது. வேறு சில பாணிகள் பட்டியலிலேயே இடம் கொடுக்கும். எப்படியானாலும் அவரிடம் கேட்டுக்கொண்டு பெயரைப் போடுங்கள். ஐம்பது வருடக் கைப்பழக்கத்தைச் சொன்னவரை 'உள்ளூர்த் தொழிலாளி ஒருவர்' என்று எழுதிவிட்டு, அவர் சொன்னதையே அச்சில் எழுதியவருக்கு மட்டும் எண் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

இதழ்ப் பெயர்ச் சுருக்கம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 4 என்ற தரத்தின்படி சுருக்கங்கள் உண்டு, வேதியியலுக்கு கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சேவையின் மூலப் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. நீங்களாக ஊகித்துச் சுருக்காதீர்கள். நேச்சர், சயின்ஸ் போல ஒரே சொல்லில் உள்ள பெயர்கள் சுருங்காது. கரண்ட் சயின்ஸ் போல இரண்டு சொல் உள்ளவை சுருங்கும்.

கட்டுரைக்குள் எண் போடுவது

எண்களைக் கையால் தட்டச்சு செய்யவே கூடாது. மென்பொருளின் வேர்டு இணைப்பு வழியாகச் செருகுங்கள். மறுபரிசீலனையில் இரண்டாம் பத்தியை ஐந்தாம் இடத்துக்கு மாற்றச் சொல்வார்கள், அப்போது 40 எண்களும் தானாக வரிசை மாறும். கையால் போட்டிருந்தால் ஒரு நாள் போய்விடும், பிழையும் நுழையும். மென்பொருள் போட்ட எண்ணைக் கையால் திருத்துவதும் தவறு, அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். திருத்த வேண்டியதை மென்பொருளின் பதிவில் திருத்துங்கள்.

மேலெழுத்து எண் அமெரிக்க வேதியியல் சங்கப் பாணியில் முற்றுப்புள்ளிக்குப் பின்னால் வரும். பகர அடைப்பு எண் ஐ.இ.இ.இ. பாணியில் முற்றுப்புள்ளிக்கு முன்னால் வரும். அட்டவணையிலும் படக் குறிப்பிலும் வரும் மேற்கோள்களுக்கும் வரிசை எண் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எண் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். 'சுண்ணாம்போடு கடுக்காய் சேர்த்தால் உறுதி கூடும், நீர் உறிஞ்சுதல் குறையும்' என்ற வாக்கியத்தில் முதல் பாதியை ஒரு கட்டுரையும் இரண்டாம் பாதியை இன்னொரு கட்டுரையும் சொல்லியிருந்தால், எண்களை அந்தந்தப் பாதியிலேயே வையுங்கள். இரண்டையும் கடைசியில் கொண்டுபோய்க் குவித்தால் யார் எதைச் சொன்னார் என்று தெரியாது.

சரிபார்க்கும் நாள்

என் முதல் கட்டுரையை இதழுக்காகப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் எழுதிய வரி இன்னும் நினைவிருக்கிறது: 14-ஆம் ரெஃபரன்ஸைத் தேடினேன், அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கட்டுரை இல்லை. கட்டுரை இருந்தது உண்மை. ஆனால் நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு மதிப்பாய்வுக் கட்டுரையின் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தேன், அங்கேயே தொகுதி எண் தவறு. மூலத்தைத் தேடிப் பிடித்துப் படிக்க மூன்று வாரம் ஆனது. படித்தபோது, நான் சொன்னதற்குப் பாதி ஆதாரம்தான் அதில் இருந்தது. அந்தப் பத்தியையே மாற்றி எழுதினேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. ஒரே அச்சுப்பிழை கட்டுரைக்குக் கட்டுரை நகலாவதை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2003-இல் கணக்கிட்டார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்கள் மதிப்பீடு. இதைவிட வருத்தமான ஒன்றும் உண்டு. ஒரு பெரிய பதிப்பகம் பாணியை விளக்க மாதிரிக்குக் கொடுத்த கற்பனை ரெஃபரன்ஸ், உண்மையில் இல்லாத அந்தக் கட்டுரை, நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. மாதிரி வரியை அழிக்க மறந்ததும் பார்க்காமல் நகலெடுத்ததும்தான் காரணம்.

செயற்கை நுண்ணறிவிடம் 'இதற்கு ஐந்து ரெஃபரன்ஸ் கொடு' என்று கேட்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அது கொடுக்கும் பட்டியலில் பெயர் நம்பும்படி இருக்கும், இதழ் உண்மையாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. பிடிஎஃப்பை நீங்களே திறந்து படிக்காத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. மூலம் கிடைக்கவே இல்லையென்றால், யார் வழியாக அறிந்தீர்களோ அவரைச் சொல்லி, அவர் மேற்கோள் காட்டியபடி என்று எழுதுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை அந்த இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜோட்டெரோ இத்தகைய கட்டுரைகளைச் சிவப்பு எச்சரிக்கையோடு காட்டும். அனுப்புவதற்கு முதல் நாள் ஒருமுறை பாருங்கள். முன்னச்சாக, அதாவது இதழில் வருவதற்கு முன் இணையத்தில் போட்ட வடிவில், எடுத்த கட்டுரை இதற்குள் இதழில் வந்துவிட்டதா என்றும் அன்றைக்கே பாருங்கள்.

பிறகு இருவர் உட்காருங்கள். ஒருவர் பட்டியலை வரி வரியாக வாய்விட்டு வாசிக்க, மற்றவர் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கடைசி எழுத்து, தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் வாசிக்கப்பட வேண்டும். தனியாகக் கண்ணால் பார்த்தால் 1982-ம் 1928-ம் ஒன்றாகத் தெரியும், வாய்விட்டு வாசித்தால் காதில் மாட்டிக்கொள்ளும். 40 ரெஃபரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியாக இரண்டு பக்கமும் பொருத்திப் பாருங்கள்: கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரையில் வருகிறதா.

அனுப்பும்போதும் அதற்குப் பிறகும்

கோப்பை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் இணைப்பு உயிரோடு இருக்கும் பிரதி உங்களுக்கு. அதை நகலெடுத்து, இணைப்பைத் துண்டித்துச் சாதாரண எழுத்தாக மாற்றிய பிரதி இதழுக்கு. மாற்றிச் செய்தால் மறுபரிசீலனையின்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செருக வேண்டியிருக்கும்.

மதிப்பீட்டாளர் தன் கட்டுரைகள் நான்கைந்தைச் சேர்க்கச் சொன்னால் பயப்படாதீர்கள். படித்துப் பாருங்கள். பொருந்துவதைச் சேருங்கள், பொருந்தாததை ஏன் சேர்க்கவில்லை என்று மரியாதையாகப் பதில் கடிதத்தில் எழுதுங்கள். கைடிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி வரும், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ஓரத்தில் கேள்விகள் இருக்கும்: 23-ஆம் ரெஃபரன்ஸ் கட்டுரைக்குள் எங்கே வருகிறது, 31-இன் பக்க எண்ணைத் தரவும் என்பது போல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். அச்சுக்கோப்பவர்கள் தானியங்கி முறையில் டி.ஓ.ஐ. சேர்த்திருப்பார்கள், சில சமயம் அது வேறு கட்டுரைக்குப் போகும். அதனால் மெய்ப்பில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் சொடுக்கிப் பார்த்து, உங்கள் பெயரையும் எழுத்தையும் ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.